காசநோயாளியிடம் இதய வால்வுத் தொற்றைக் கண்டறியும் முறை

காசநோய்க்கு மருந்து உட்கொள்பவரின் காய்ச்சல் சில வாரங்களாகியும் தணியாவிட்டால், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அல்லது கிருமி மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்றே நம் எண்ணம் ஓடுகிறது. இரண்டையும் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் காய்ச்சல், இரவு வியர்வை, எடை இழப்பு, இரத்தசோகை, உயர்ந்த ஈ.எஸ்.ஆர். (உடலில் அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை அளவு) ஆகிய அத்தனையும் வால்வுத் தொற்றிலும் வரக்கூடும் என்பதால், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை மறுபடியும் வைத்துக் கேட்காமல் முடிவுக்கு வருவது ஆபத்தானது.

இதயத்தில் புதிதாகக் கேட்கும் முணுமுணுப்பு ஒலி, ருமாட்டிக் காய்ச்சலால் வந்த பழைய வால்வு நோய், செயற்கை வால்வு, நகத்தடியில் சிராய்போல் ஓடும் இரத்தக் கோடுகள், கீழிமையை இழுத்தால் தெரியும் செம்புள்ளிகள் ஆகியவை சந்தேகத்தை வலுப்படுத்தும். வால்வுத் தொற்றில் சிறுநீரில் இரத்தமும் கலக்கலாம்; ஆனால் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கிவிடுவதால் நிறத்தை நம்பாமல், சிவப்பணுக்கள் உள்ளனவா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

அடுத்தது பிளட் கல்ச்சர், அதாவது இரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. தவறு அதிகம் நேர்வது இங்கேதான். புதிதாக எந்த ஆன்டிபயாடிக்கும் கொடுக்கும் முன், வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி மூன்று முறை இரத்தம் எடுக்க வேண்டும். முதல் முறைக்கும் கடைசி முறைக்கும் குறைந்தது 1 மணி நேர இடைவெளி இருக்கட்டும், பெரியவர்களுக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8 முதல் 10 மி.லி. தேவை. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசினும் லீவோஃபிளாக்சசினும், வால்வைப் பிடிக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகளையும் தாக்குவதால், கிருமி வளரவில்லை என்ற முடிவு தொற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது. நோயாளி உட்கொள்ளும் மருந்துகளை ஆய்வகத்துக்கு எழுதித் தெரிவியுங்கள்.

நெஞ்சின் வழியே எடுக்கும் எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) தெளிவாக இல்லாவிட்டாலும், வால்வு செயற்கையானதாக இருந்தாலும், உணவுக்குழாய் வழியே எக்கோ எடுக்க வேண்டும். அதில் இருமல் வரக்கூடும் என்பதால், சளியில் காசநோய்க் கிருமி உள்ளவரிடம், செய்பவர் என்95 முகக்கவசம் அணியாமல் அதைச் செய்யலாகாது. ஒன்றும் தென்படாமல் சந்தேகம் மட்டும் நீடித்தால் 5 முதல் 7 நாளில் மீண்டும் எடுக்கலாம். வால்வுத் தொற்றின் அடையாளங்களைப் பெரியவை, சிறியவை என வகுக்கும் திருத்தப்பட்ட டியூக் அளவுகோலில் காய்ச்சலும் ஒரு சிறு அடையாளம். காசநோயாளியிடம் அதற்கு வேறு காரணமும் இருக்கிறது என்பதால், கல்ச்சரும் எக்கோவும் தரும் பெரிய அடையாளங்களுக்கே நான் அதிக எடை தருவேன்.

நுரையீரல் ஓரங்களில் பல உருண்டைத் திட்டுகள் தோன்றி, சில நாட்களிலேயே குழிவிழுந்து, சளியில் காசநோய்க் கிருமியும் அகப்படவில்லையானால், இதயத்தின் வலப்பக்க மூவிதழ் வால்விலிருந்து சிதறிய தொற்றுக்கட்டிகளாக அவை இருக்கக்கூடும்.

காசநோய்க் கிருமியே வால்வைப் பிடிப்பது மிக அரிது. சாதாரண கல்ச்சரில் அது வளராது என்பதால், மைக்கோபாக்டீரியாவுக்கான (காசநோய்க் கிருமியின் இனம்) தனிக் கல்ச்சர் கேட்க வேண்டும். அறுவையில் வால்வை அகற்றினால், ஒரு துண்டை மட்டும் திசு ஆய்வுக்காக ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் இட்டு, மற்றதைக் கல்ச்சருக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கும் கிருமி நீக்கிய சலைனில் (உப்புநீரில்) அனுப்புங்கள். ஃபார்மலினில் விழுந்த துண்டிலிருந்து எந்தக் கிருமியையும் வளர்த்தெடுக்க முடியாது.