நண்டு புள்ளியாக விழுந்தது ஏன்? வைட் ஆங்கிள் லென்ஸ் தேர்வு: என் அனுபவம்

திருவான்மியூர் கடற்கரையில் நண்டை அருகிலும் அலையைப் பின்னணியிலும் காட்ட வேண்டும். 16-35 மி.மீ. வைட் ஆங்கிள் ஜூம் லென்ஸை, மிக அகலமான கோணமான 16-இல் வைத்து எவ்வளவு நெருங்கினாலும் நண்டு புள்ளிதான்; இன்னும் நெருங்கினால் ஃபோகஸ் இல்லை.

லென்ஸுக்கும் காமிராவுக்கும் இடையே மாட்டி, இன்னும் நெருங்கி ஃபோகஸ் செய்ய உதவும் 12 மி.மீ. வளையமான எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டேன். 16 மி.மீ.க்கு அது மிக அதிகம். ஃபோகஸ் ஆகும் இடம் லென்ஸின் முன்கண்ணாடியை ஒட்டியே விழுந்தது. வீண்.

விடை அந்த 16-35 லென்ஸின் விவர எண்களில் இருந்தது. 28 செ.மீ. என்ற குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் லென்ஸ் நுனியிலிருந்து அல்ல, காமிராவுக்குள் படம் பதியும் சென்சாரிலிருந்து. காமிராவின் மேல் கோடு குறுக்கிட்ட சிறு வட்டம்தான் சென்சார் இருக்கும் இடத்தின் அடையாளம். 0.23 மடங்கு உருப்பெருக்கமோ (பொருளின் அளவில் எத்தனை மடங்காக அது சென்சாரில் விழும் என்பது) 35 மி.மீ. முனைக்கு மட்டும். 16-இல் அதில் பாதிகூட இல்லை. 3 செ.மீ. நண்டு, 36 மி.மீ. அகல சென்சாரில் சுமார் 3 மி.மீ.தான்! கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

ஆகவே கோணத்தை விட்டு உருப்பெருக்கத்தைப் பார்த்தேன். கேனான் ஆர்எஃப் 24 மி.மீ. எஃப்/1.8 மேக்ரோ: குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 14 செ.மீ., உருப்பெருக்கம் 0.5 மடங்கு. அதே நண்டு சென்சாரில் 15 மி.மீ.

அந்த 14 செ.மீ.யில் லென்ஸ் நுனிக்கு முன்னே மிஞ்சுவது நாலைந்து செ.மீ.தான். லென்ஸ் நுனியில் மாட்டும் வெயில் மறைப்பான ஹுட்டைக் கழற்றாவிட்டால் அதன் நிழலே நண்டின் மேல் விழும். காலடி அதிர்வுக்கு நண்டு ஓடிவிடும். வளை வாயிலில் காமிராவை மணல்மூட்டையில் வைத்து, மேனுவல் ஃபோகஸ், முன்னும் பின்னும் தெளிவு கூட லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/11 என அமைத்து, தள்ளி உட்கார்ந்து கைபேசியிலிருந்து கிளிக் செய்தேன். மறுபடி வெளியே வந்த நண்டு கண் வரை தெளிவு. அலையும் படத்தில் இருக்கிறது.