பவர் சர்வர்ல எல்பாருக்கு மெமரி குடுக்கிறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

ஐபிஎம் பவர் சர்வரை எல்பாரா (LPAR, ஒரே மெஷினுக்குள்ள தனித்தனி சர்வர் மாதிரி ஓடுற பகுதி) பிரிச்சு மெமரி குடுக்கிற வேலைல நான் பார்த்த முக்கால்வாசி பிரச்சனைக்கு மூலம் ஒண்ணுதான். இப்ப ஓடிட்டு இருக்கிற கான்ஃபிகரேஷன் வேற, எச்எம்சில (HMC, இந்த சர்வர்களை நிர்வகிக்கிற கன்சோல்) ப்ரொஃபைல்ல, அதாவது எல்பாரை எவ்வளவு மெமரியோட கிளப்பணும்னு குறிச்சு வச்ச செட்டிங்ல, எழுதி வச்சிருக்கிறது வேற, நாம ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிறோம்.

நானே இதுல நல்லா மாட்டிருக்கேன். ஒரு டேட்டாபேஸ் எல்பார், 64 ஜிபி, பத்தலைன்னு சொன்னதும் டிஎல்பார்ல (எல்பார் ஓடிட்டு இருக்கிறப்பவே மெமரியை ஏத்தி இறக்குற வசதி) 32 ஜிபி சேர்த்தேன், எதையும் நிறுத்தாமலே 96 ஆயிடுச்சு. அப்புறம் ஓஎஸ்க்குள்ள இருந்து ரெண்டு மூணு தடவை ரீபூட் பண்ணோம், 96 அப்படியே நின்னுச்சு, சரி இது நிரந்தரம்தான்னு விட்டுட்டேன். பல மாசம் கழிச்சு மெயின்டனன்ஸுக்கு மொத்த ஃப்ரேமையும் (எல்பார் எல்லாம் ஓடுற அந்த முழு மெஷின்) ஆஃப் பண்ணிட்டு, எச்எம்சில ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து ஆக்டிவேட் குடுத்தா எல்பார் 64 ஜிபியோட எந்திரிச்சு நிக்குது. டேட்டாபேஸுக்கு 70 ஜிபி ஷேர்டு மெமரி போட்டிருந்தாங்க, ஸ்டார்ட்டே ஆகல. நடுராத்திரி அத்தனை பேரும் கால்ல காத்துட்டு இருக்காங்க, நான் டேட்டாபேஸ் லாகையே குடைஞ்சிட்டு இருக்கேன்.

விஷயம் என்னன்னா, ஓஎஸ் ரீபூட் ப்ரொஃபைலைத் திரும்பப் படிக்காது, எல்பாரை முழுசா ஷட்டவுன் பண்ணி ப்ரொஃபைலோட ஆக்டிவேட் பண்ணாத்தான் படிக்கும். அதனால ரீபூட் தாங்குச்சேன்னு நம்பாதீங்க. டிஎல்பார் முடிச்ச கையோட கரண்ட் கான்ஃபிகரேஷனை ப்ரொஃபைல்ல சேவ் பண்ணிடுங்க, இல்லன்னா பார்ட்டிஷன் ப்ராப்பர்ட்டீஸ்ல மாற்றங்களை ப்ரொஃபைலோட தானா சின்க் பண்ற ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணி வைங்க.

அடுத்தது மேக்ஸிமம் மெமரி. ப்ரொஃபைல்ல மினிமம், டிசயர்டு (நாம கேட்கிற அளவு), மேக்ஸிமம்னு மூணு நம்பர் குடுப்போம். பின்னாடி தேவைப்படலாம்னு 32 ஜிபி எல்பாருக்கு மேக்ஸிமம் 1 டிபின்னு போடுறவங்க இருக்காங்க, சும்மா ஒரு நம்பர்தானேன்னு. சும்மா இல்ல. எல்பார்களைப் பிரிச்சு ஓட்டுற ஹைப்பர்வைசர் ஒவ்வொரு எல்பாருக்கும் ஒரு பேஜ் டேபிள் (எந்த மெமரி எங்க இருக்குன்னு வைக்கிற அட்டவணை) வைக்குது, அதோட சைஸ் நீங்க குடுத்த டிசயர்டை வச்சு இல்ல, மேக்ஸிமத்தை வச்சுத்தான் கணக்கு. 64ல ஒரு பங்குன்னு வச்சா 1 டிபிக்கு 16 ஜிபி, 128ல ஒரு பங்குன்னு செட் ஆகியிருந்தாலும் 8 ஜிபி. 32 ஜிபில ஓடுற ஒரு எல்பாருக்காக இவ்வளவு மெமரி ஒருத்தருக்கும் உபயோகம் இல்லாம போகுது, இப்படி பத்து எல்பார் இருந்தா யோசிச்சுப் பாருங்க. அதுக்காக ரொம்ப இறுக்கியும் வைக்காதீங்க, மேக்ஸிமத்தைத் தாண்டி டிஎல்பார்ல ஏத்த முடியாது, மேக்ஸிமத்தை மாத்தணும்னா எல்பாரை நிறுத்தி ஆக்டிவேட் பண்ணணும். இப்ப இருக்கிறதுல ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு போதும்னுதான் என் அனுபவம்.

மினிமத்தையும் ஏனோதானோன்னு 1 ஜிபின்னு போடாதீங்க. ஃப்ரேம்ல மெமரி பத்தலைன்னா டிசயர்டு கிடைக்காமலேயே, மினிமத்துக்கு மேல எவ்வளவு இருக்கோ அதை வச்சு எல்பார் சத்தமில்லாம எந்திரிச்சிடும். 64 கேட்டது 20ல ஓடிட்டு இருக்கும், ஆக்டிவேட் ஆயிடுச்சுன்னு நாம தூங்கப் போயிடுவோம். அப்ளிகேஷன் எவ்வளவுக்குக் கீழ போனா செத்துடுமோ அதுதான் மினிமம், அதுக்குக் கீழன்னா எந்திரிக்காம எர்ரர் காட்டுறதே மேல். பூட் ஆனதும் எல்பார்ஸ்டாட் மைனஸ் ஐ (lparstat -i) அடிச்சு ஆன்லைன் மெமரி எவ்வளவுன்னு ஒரு தடவை கண்ணால பாருங்க.

ஏஐஎக்ஸ்ல (ஐபிஎம்மோட யூனிக்ஸ் ஓஎஸ்) விஎம்ஸ்டாட் கமாண்ட் பார்த்து ஃப்ரீ மெமரி இல்லைன்னு பதறுறது இன்னொண்ணு. சும்மா கிடக்கிற மெமரியை ஏஐஎக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கும், ஃப்ரீ கம்மியா இருக்கிறது சாதாரணம். எஸ்விமான் மைனஸ் பெரிய ஜி (svmon -G) அடிச்சு வர்ச்சுவல் காலத்தைப் பாருங்க, அது 4 கேபி பேஜ் கணக்கு. அங்க 1 கோடின்னு இருந்தா சுமார் 38 ஜிபிதான் நிஜமான தேவை, 64 ஜிபி எல்பார்ல அது தாராளம், ஃப்ரீ எவ்வளவு கம்மியா காட்டினாலும் சரி. விஎம்ஸ்டாட்ல பிஐ, பிஓ (டிஸ்க்ல இருக்கிற பேஜிங் ஸ்பேஸ்ல இருந்து உள்ள வர்றது, அங்க வெளிய போறது) ரெண்டும் விடாம ஓடிட்டே இருந்தாத்தான் மெமரி கேளுங்க.

லினக்ஸ் எல்பார்னா ஹியூஜ் பேஜ் (பெரிய பெரிய துண்டா முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிற மெமரி) கவனிங்க. 40 ஜிபி ரிசர்வ் பண்ணி டேட்டாபேஸ் 24தான் எடுத்துச்சுன்னா மிச்ச 16ஐ சாதாரண ப்ராசஸ் எதுவும் தொட முடியாது, ஒரு பக்கம் அது சும்மா கிடக்கும், இன்னொரு பக்கம் சர்வர் மெமரி பத்தாம டிஸ்குக்கு ஸ்வாப் பண்ணிட்டு இருக்கும்.

மெமரியை எடுக்கிறப்ப ஒரே அடியா 50 ஜிபி உருவாதீங்க. பின் பண்ணின பேஜ் (இடம் மாறக்கூடாதுன்னு பூட்டி வச்ச மெமரி) நகராது, பாதில டைம் அவுட் ஆகும், கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. டிஎல்பாரே வேலை செய்யலைன்னா முதல்ல எச்எம்சியும் எல்பாரும் பேசிக்கிற ஆர்எம்சி (RMC) கனெக்ஷனைப் பாருங்க, ஃபயர்வால்ல 657 போர்ட் டிசிபி, யுடிபி ரெண்டும் திறந்திருக்கணும், பல தடவை அங்கதான் அடைச்சிருக்கும்.

இப்படி ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி வருஷக்கணக்கா ஓட்டின ஃப்ரேம்ல மெமரி ஒரு சிப் பக்கமும் சிபியூ இன்னொரு சிப் பக்கமுமா சிதறிப் போயிருக்கும், எல்லா நம்பரும் சரியா இருக்கும் ஆனா ஸ்லோன்னு புகார் வரும். ஏஐஎக்ஸ்ல எல்எஸ்எஸ்ஆர்ஏடி மைனஸ் ஏவி (lssrad -av) போட்டா எஸ்ஆர்ஏடி (பக்கத்துல பக்கத்துல இருக்கிற சிபியூ, மெமரி சேர்ந்த தொகுப்பு) வாரியா மெமரியும் சிபியூவும் காட்டும், ஏதாவது வரில மெமரி இருந்து சிபியூ காலம் காலியா இருந்தா அதுதான் காரணமா இருக்கலாம். எச்எம்சில ஆப்ட்மெம் (optmem) கமாண்ட் எல்பார் ஓடிட்டு இருக்கிறப்பவே அதைச் சரிபண்ணும், ஆனா அது ஓடுறப்ப பெர்ஃபார்மன்ஸ் கொஞ்சம் அடி வாங்கும், அதனால பீக் நேரத்துல தொடாம லோடு கம்மியான நேரமா பார்த்து ஓட்டுங்க.