பாரம் கட்டும் பொடியன்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

திருகோணமலைச் சீனக்குடாவில் மா ஆலைப் பக்கமும் சீமெந்து ஆலைப் பக்கமும் காலையில் லொறிகள் வரிசையாக நிற்கும். புதிதாக ஸ்டியரிங் பிடித்த பொடியன்கள் அங்கே பாரம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கு வாய் சும்மா இருக்காது. கிளீனராக இருந்த காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்து ஏச்சு வாங்கிய அதே வேலைகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். ஏசத்தான் இப்போது ஆள் இல்லை. அந்தக் கால சாரதிமாரில் பலர் வீட்டோடு இருக்கிறார்கள், சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஒயில் பார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடு, டயருக்குக் காற்று அடி என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவன் லொறிக்குக் கிட்டவே வரக்கூடாது. தெரிந்தவன் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் பேச்சு.

புறப்படும் இடத்தில் கட்டியது போதும் என்று நினைப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். பொடியன் நன்றாகத்தான் கட்டுகிறான். கயிறு இறுக்கமாக இருக்கிறது, முடிச்சும் சரி. படங்கை, அதாவது பாரத்தை மூடும் தார்ப்பாயை, இழுத்து மூடி, ஏறிக் குந்தி, பாட்டைப் போட்டு விட்டானென்றால் அடுத்து இறங்குவது ஹபரணையில் தேத்தண்ணிக் கடையில். அதற்குள் அவன் கட்டிய கட்டு எப்போதோ தளர்ந்துவிட்டது. அது அவனுக்குத் தெரியாது.

நெல் மூட்டையோ மா மூட்டையோ, ஏற்றியபடியே இருக்காது. லொறி குலுங்கக் குலுங்க உள்ளே இருப்பது அமரும், மூட்டைக்கு மூட்டை இருந்த இடைவெளி அடையும். அடுக்கின் உயரம் நாலு விரல் குறைந்தாலே போதும், கயிறு தொளதொளத்துவிடும். மேலால் போட்ட கயிறு என்ன செய்கிறது? பாரத்தைத் தட்டோடு அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அந்த அழுத்தம் இருக்கும் வரைதான் மூட்டை மூட்டையைப் பிடிக்கும். கயிறு தளர்ந்த பிறகு அது சும்மா அலங்காரம்.

சடுதியாக பிரேக் அடித்தால் பாரம் எவ்வளவு தள்ளும் என்று பலருக்குத் தெரியாது. வெளிநாடுகளில் பாரம் கட்டுவதற்கு வைத்திருக்கும் விதிகளில், முன்பக்கம் பாரத்தின் எடையில் 80 சதவீதத்தைத் தாங்க வேண்டும், பக்கத்துக்கும் பின்னுக்கும் 50 சதவீதம் என்று கணக்கு. 10 தொன் ஏற்றியிருந்தால் 8 தொன் உன் முதுகை நோக்கி வரத் தயாராக இருக்கிறது. நடுவில் இருப்பது முன் பலகையும் கபினின் தகரமும்தான்.

இதில் ஒரு விஷயத்தைப் பழைய ஆட்களே கவனிக்காமல் விடுகிறார்கள். முன்பு எல்லாம் சணல் சாக்கு. சொரசொரவென்று ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு கிடக்கும். கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் சாக்கே சாக்கைப் பிடிக்கும். இப்போது வருவதெல்லாம் பொலி சாக்கு, பிளாஸ்டிக் இழையில் நெய்தது. ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தள்ளிப் பார், வழுக்கிக்கொண்டு போகும். சணல் சாக்குக்குப் போதுமாக இருந்த உயரமும் கட்டும் பொலி சாக்குக்குப் போதாது. ஓரத்து வரிசையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து, வரிசைக்கு வரிசை நீளமும் குறுக்குமாக மாற்றி, மேல் அடுக்கை ஒடுக்கிக்கொண்டு போக வேண்டும். கயிற்றையும் கூட்டிப் போட வேண்டும்.

கயிறும் மாறிவிட்டது. தும்புக் கயிறு நனைந்தால் ஊதி நீளம் குறையும், கட்டு இன்னும் இறுகும். வெயில் எறித்துக் காய்ந்ததும் தளரும். மார்கழி மழையில் புறப்பட்டு, மழை இல்லாத பக்கம் போய்ச் சேர்ந்தால் கயிறு தொங்கும் என்று அந்தக் கால ஆட்களுக்குத் தெரியும். இப்போது எல்லோரும் 'நைலோன் கயிறு' என்று வாங்குகிற மலிவுக் கயிறு பெரும்பாலும் வேறு பிளாஸ்டிக். நனைந்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் வெயிலில் கிடந்து கிடந்து உக்கிப்போகும். கையால் உருவிப் பார்த்தால் பொடிப்பொடியாக நார் உதிரும். அப்படி உதிர்ந்தால் அது ஆடு கட்டத்தான் சரி. உண்மையான நைலோன் நனைந்தால் இன்னும் இழுபடும், அதையும் மனதில் வைத்துக்கொள்.

இனி, இந்த நடுவழியில் நிற்கும் பழக்கம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைச் சொல்கிறேன். பழைய சாரதிமார் பெரிய ஞானிகள் என்று நினைக்க வேண்டாம். அவர்களை நிற்க வைத்தார்கள், அதனால் நின்றார்கள். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். 396 மீற்றர், திறந்த காலத்தில் நாட்டிலேயே நீளமான பாலம். அதற்கு முன் கிண்ணியாவுக்குப் பாரம் கொண்டு போனால் துறையில் மிதவைப் பாதைக்கு, அதாவது லொறியை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்துக் கிடக்க வேண்டும். காத்திருக்கிறவன் என்ன செய்வான்? லொறியைச் சுற்றி நடப்பான், டயரைத் தட்டுவான், கயிற்றை இழுத்துப் பார்ப்பான். அதோடு சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடிகள். பாரத்தை இறக்கிக் காட்டு என்பார்கள். இறக்கி, ஏற்றி, திரும்பக் கட்ட வேண்டும். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று ஒருவனும் ஆசைப்பட மாட்டான். ஆனால் ஒரே பயணத்தில் பல தரம் கட்டிக் கட்டித்தான் எங்கள் ஆட்களுக்குக் கை பழகியது. பாலம் வந்தது, சாவடி போனது, வீதியும் நன்றாகிவிட்டது. நிற்க வைக்க ஆள் இல்லை என்பதற்காக நிற்காமல் போகலாமா?

ஒரு பொடியன் கதை. தம்பலகாமத்தில் நெல் ஏற்றிக்கொண்டு பொலன்னறுவைப் பக்கத்து ஆலைக்குப் போனவன். பின்னேரம் புறப்பட்டிருக்கிறான். கந்தளாய் தாண்டி ஹபரணைக்கு முன்னால் காட்டுக்குள் யானை வீதிக்கு ஏறியது. பிரேக் அடித்தான், யானைக்கும் லொறிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேல் இரண்டு அடுக்கும் அப்படியே முன்னுக்கு வழுக்கி, முன் பலகையைத் தாண்டிக் கபின் கூரையில் ஏறி, அங்கிருந்து வீதியில். சாக்கு வெடித்து நெல் கொட்டிக் கிடக்கிறது. இருட்டுகிற நேரம், யானை உலாவும் இடம், நெல் வாசனை. இறங்கி அள்ள முடியுமா? பின்னால் வந்த லொறிக்காரர்கள் "தம்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். விடிந்த பிறகு பார்த்தால் மிஞ்சியது கொஞ்சம்தான். நெல்லுக்கும் கபினுக்குமான காசை முதலாளி மாதா மாதம் சம்பளத்தில் கழித்தார். அவனைக் கேட்டேன். "நல்லா இறுக்கித்தான் கட்டினேன் அண்ணே" என்றான். பொய் சொல்லவில்லை, தம்பலகாமத்தில் இறுக்கித்தான் கட்டியிருப்பான். கந்தளாயில் நின்று ஒரு தரம் இழுத்திருந்தால் அந்த நெல் ஆலைக்குப் போயிருக்கும்.

அமெரிக்காவில் சாரதி முதல் 50 மைலுக்குள் பாரத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நமது பாரத்துக்கும் நமது சாக்குக்கும் அது தூரம் கூட. சீனக்குடாவில் ஏற்றினால் தம்பலகாமம் சந்தியில் ஒரு தரம், கந்தளாயில் ஒரு தரம். அப்புறம் எப்போது இறங்கினாலும் ஒரு தரம். இறங்கினால் கயிற்றை உள்ளங்கையால் அடித்துப் பார். இறுக்கமான கயிறு கையைத் திருப்பி அடிக்கும். தளர்ந்தது 'தொப்' என்று உள்ளே போகும்.

இறுக்குகிற விதத்தையும் பார்த்து வைத்துக்கொள். மேலிருந்து தொங்கும் கயிற்றில் நெஞ்சு உயரத்தில் ஒரு மடிப்பு எடுத்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுற்றிக் கண் போடு. தொங்கும் முனையைக் கீழே கொளுக்கியில் மாட்டி, மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணுக்குள்ளால் விட்டு, உடம்புப் பாரத்தைப் போட்டுக் கீழே இழு. கணக்குப்படி மூன்று மடங்கு இழுவை. கயிறு கயிற்றோடு உரசுவதால் அவ்வளவு வராது, ஆனாலும் வெறுமனே இழுப்பதைவிட எவ்வளவோ மேல். பொடியன்கள் கோட்டை விடுவது அதற்கு அடுத்த நொடியில். இழுத்த கயிறு கண்ணுக்குள் திரும்பும் இடத்தை இடது பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டுதான் முடிச்சுப் போட வேண்டும். கையை எடுத்துவிட்டு முடிந்தால் இழுத்ததில் பாதி போய்விடும்.

படங்கைத் தலைகீழாக அடுக்குவது

இரண்டு படங்கு போடுவதென்றால் பின்படங்கை முதலில் போடு. முன்படங்கு அதன் மேல் ஏறி மூட வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடுகிற வேகத்தில் காற்று வாயைத் திறந்து, மழை நேரே உள்ளே போகும். வாடை மழையில் சீமெந்து கொண்டு போகிறவன் இதில் பிழை விட்டால் 50 கிலோ மூட்டை கல்லாகத்தான் இறங்கும். படங்குக் கயிறு வேறு, பாரக் கயிறு வேறு. படங்கை மூடிக் கட்டியதைப் பாரம் கட்டியதாகக் கணக்கில் எடுக்காதே.

கம்பிக்குக் கயிறு

இரும்புக் கம்பி ஏற்றினால் கயிறு கூடாது. சங்கிலி.

பாரத்தைப் பின்னுக்கு ஒதுக்குவது

இறக்கச் சுலபம் என்று பாரம் முழுவதையும் பின் பலகையோடு வைக்கிறார்கள். முன் சில்லு இலேசாகி ஸ்டியரிங் பஞ்சு போல் திரும்பும். நனைந்த வீதியில் அது திரும்பும், லொறி திரும்பாது.

உள் டயரை மறப்பது

பின்னால் இரட்டைச் சில்லு. வெளி டயர் நன்றாக நிற்கும், உள்ளே இருப்பது காற்றுப் போய்க் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. பாரம் முழுவதையும் வெளி டயர் தாங்கும், உள்ளது நசுங்கி உரசும், சூடாகும், கடைசியில் வெடிக்கும் அல்லது பற்றிக்கொள்ளும். அதனால்தான் பழைய ஆட்கள் இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டினார்கள். காற்று உள்ள டயர் இரும்பைத் துள்ள விடும், சத்தமும் கணீரென்று வரும். காற்றில்லாதது செத்த சத்தம்.

சில்லு மாற்றினால் இன்னொரு கூத்து. பழைய பெட்போர்ட், லேலண்டிலும், பல ஜப்பான் லொறிகளிலும் இடப்பக்கச் சில்லு நட்டு எதிர்த்திசையில் கழலும். போல்ட் முனையில் 'எல்' என்று அடித்திருக்கும். அதைப் பார்க்காமல், இறுகிவிட்டது என்று நினைத்து, திறப்பில் குழாயைச் செருகி இரண்டு பேர் ஏறி நின்று போல்ட்டை முறிக்கிறார்கள். அந்த ஜப்பான் லொறிகளில் பின்சில்லுக்கு உள் நட்டும் வெளி நட்டும் தனித்தனி. உள் நட்டு உள் சில்லைப் பிடிக்கிறது, வெளி நட்டு வெளிச் சில்லை. வெளியே மட்டும் இறுக்கினால் உள் சில்லு ஆடிக்கொண்டே வரும். வெளி நட்டைத் தளர்த்தி, உள்ளதை இறுக்கி, பிறகு வெளியை இறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்தாமல் ஒவ்வொன்றாகச் செய். மாற்றிய சில்லின் நட்டை 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்கு.

இறக்கத்தில் நியூட்ரல்

டீசல் மிச்சம் பிடிக்கிறானாம். கடுகண்ணாவை மலையில் எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு.

உப்பைக் கழுவாமல் விடுவது

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் ஓடுகிற லொறிக்கு உப்புக் காற்றே போதும். அதற்கு மேல் உப்பு மூட்டையும் ஐஸ் மீனும் ஏற்றுகிறோம். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீர் தட்டுப் பலகை இடுக்கால் இறங்கி செசியிலும் பிரேக் குழாயிலும் சொட்டும். பொடியன்கள் கபினையும் கண்ணாடியையும் பளபளவென்று கழுவுகிறார்கள். உப்பு தின்பது அடியில். நல்ல தண்ணீரை அடியில் அடித்துக் கழுவி, காய்ந்த பிறகு ஸ்பிரிங் பின்களுக்குப் புதுக் கிறீஸ் வெளியே பிதுங்கும் வரை அடி. பிதுங்கி வரும் பழைய கிறீஸோடு உள்ளே போன தண்ணீரும் மண்ணும் வெளியே வரும். துளியளவு அடித்துவிட்டு துணியால் துடைத்து அழகு பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. கொளுக்கிகளையும் பார். அடிப்பக்கம் துரு தின்று மெலிந்த கொளுக்கியில் எவ்வளவு நல்ல முடிச்சுப் போட்டும் என்ன?

காற்றுத் தாங்கியைத் திறந்துவிடாதது

எயார் பிரேக் லொறியென்றால் தாங்கியில் சேரும் தண்ணீரை ஒவ்வொரு நாளும் திறந்துவிடு. திறந்து ஒரு வாரமாயிற்று என்றால் வருகிற தண்ணீரைப் பார்த்து நீயே பயப்படுவாய்.

இறக்கிய பிறகு கயிற்றை அப்படியே விடுவது

பாரம் இறங்கிவிட்டது, வெறும் லொறிதானே என்று கயிற்றைக் கொளுக்கியிலேயே தொங்க விட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அது பின் சில்லில் சுற்றும், இல்லாவிட்டால் பக்கத்தில் போகிற மோட்டார் சைக்கிள்காரனின் ஹாண்டிலில் மாட்டும். சுருட்டி, ஈரமென்றால் நிழலில் காய வைத்து, கபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் போடு. வெயிலில் தட்டில் கிடக்க விடாதே.