பெங்களூரிலிருந்து வேலூருக்குக் குடும்பத்தோடு குடிமாறுவது எப்படி? முதல்முறை மாறுபவர்களுக்கான செய்முறை

பெங்களூர் வாடகை கட்டுப்படியாகாமல் வேலூர்ப் பக்கம் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் முதலில் லாரி வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். லாரி கடைசி வேலை. மாநிலம் விட்டு மாநிலம் மாறும்போது இழுத்தடிப்பது காகிதம். அதில் இரண்டு வகை உண்டு. சில காகிதங்களைப் பெங்களூரில் மட்டுமே வாங்க முடியும். சில, வேலூரில் வீட்டு ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகுதான் கிடைக்கும். முதல் வகையை விட்டுவிட்டு வண்டி ஏறினால், ஒரு கையெழுத்துக்காக 200 கிலோமீட்டருக்கு மேல் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

எந்த மாவட்டம் என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பழைய வட ஆற்காட்டை இன்னும் எல்லோரும் 'வேலூர்' என்றே சொல்கிறார்கள். ஆனால் 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜாபேட்டை, அரக்கோணம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு ஆகியவை வேலூரில் உள்ளன. ரேஷன் அட்டைக்கும் வண்டிப் பதிவுக்கும் எந்த அலுவலகம் என்பது இதை வைத்துத்தான் முடிவாகும்.

படி 1: எத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும்?

வாடகை வித்தியாசத்தை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். மாறுவதற்கே ஒரு செலவு இருக்கிறது: லாரி, பழைய வீட்டு ஓனர் பெயின்டிங் என்று பிடிக்கும் பணம், புது வீட்டு அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், பள்ளிச் சேர்க்கைக் கட்டணம், ஏசி, வண்டிக்குத் தமிழ்நாட்டு வரி. உதாரணத்துக்கு, பெங்களூரில் 28,000 வாடகை, வேலூரில் 12,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 16,000 மிச்சம். திரும்பி வராத செலவு மொத்தம் 1,60,000 என்றால் அதை ஈடுகட்டவே பத்து மாதம் ஆகும். (அட்வான்ஸ் திரும்பி வரும் பணம், அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) ஒரு வருடத்துக்குள் பெங்களூருக்கே திரும்பும் வாய்ப்பு இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் நஷ்டம்தான்.

மறந்துபோகும் கணக்குகள் இரண்டு. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு வாடகை குறைந்தால் ஹெச்ஆர்ஏ (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி) விலக்கும் குறையும், வரி கொஞ்சம் ஏறும். வாரத்தில் சில நாள் பெங்களூர் ஆபீசுக்குப் போக வேண்டியவர்களுக்குப் பயணச் செலவு உண்டு. காலையில் சென்னையிலிருந்து வரும் சதாப்தியும் வந்தே பாரத்தும் காட்பாடி ஜங்ஷனில் நின்று, ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் பெங்களூர் போகும். டிக்கெட் போடும்போது 'வேலூர் கன்டோன்மென்ட்' என்று தேடாதீர்கள். அது விழுப்புரம் பாதையில் இருக்கும் வேறு ஸ்டேஷன்.

படி 2: ஏரியா, பிறகு வீடு

வேலூரில் வாடகையைத் தீர்மானிப்பவை இரண்டு: சிஎம்சி மருத்துவமனை, விஐடி. சிஎம்சியைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபுராவ் தெரு, தோட்டப்பாளையம் பகுதிகளில் வெளிமாநில நோயாளிகளின் குடும்பங்கள் நாள், வாரக் கணக்கில் தங்குகிறார்கள். அந்த வருமானம் பார்த்த ஓனருக்கு மாத வாடகைக்குக் குடும்பம் தேவையில்லை. விஐடி பக்கம் மாணவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பகிர்ந்து கொடுப்பதால், அதே இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அங்கே விலை கூடும். குடும்பத்துக்குச் சத்துவாச்சாரி, ரங்காபுரம், காட்பாடி காந்தி நகர், பாகாயம், அல்லாபுரம் ஆகிய பகுதிகளைப் பாருங்கள். சத்துவாச்சாரி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் தெருக்கள் அகலம். கலெக்டர் ஆபீசும் பக்கம்.

அடுத்து, பாலாற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பிள்ளையின் பள்ளி காட்பாடியிலும் வீடு பாகாயத்திலும் அமைந்தால், தினமும் பாலத்தையும் கிரீன் சர்க்கிள் நெரிசலையும் கடக்க வேண்டும். பள்ளியை முடிவு செய்துவிட்டு, அதே கரையில் வீடு தேடுங்கள்.

பெங்களூரிலிருந்து வருபவர்கள் ஏமாறுவது வெயிலிலும் தண்ணீரிலும்தான். மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமான சங்கதி. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும். அந்த ஆயிரத்தைக் கரண்ட் பில் விழுங்கிவிடும். வீடு பார்க்கப் பிற்பகல் மூன்று மணிக்குப் போய், மேற்குச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த அறையில் இரவு பத்து மணிவரை தூங்க முடியாது.

தண்ணீரைப் பற்றி ஓனரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்: "அக்கா, கார்ப்பரேஷன் தண்ணி எத்தினி நாளைக்கு ஒருவாட்டி வருது? மே மாசத்துல போர்ல தண்ணி இருக்குமா?" தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்; அதை வாங்கி, குழாய்த் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. போர் தண்ணீர் 1,000-ஐத் தாண்டினால் கீசரிலும் வாஷிங் மெஷினிலும் உப்புப் படிந்து கெடும், ஆர்ஓ மெம்பிரேன் சீக்கிரம் போகும். வாடகை பேசும்போது அந்தச் செலவையும் மனதில் வையுங்கள்.

மழைக்காலம் இன்னொரு விஷயம். நிக்கல்சன் கால்வாய் ஓரமும், கன்சால்பேட்டை போன்ற தாழ்வான பகுதிகளும் கனமழையில் தண்ணீர் ஏறும் இடங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் பெரு வெள்ளம் வந்தது. அந்த வருடம் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சுவரில் கோடு காட்டிச் சொல்வார்கள்.

மீட்டர் தனியா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்குக் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி பில் எகிறும். பல போர்ஷன்களுக்கு ஒரே மீட்டர், உள்ளே சப்-மீட்டர் என்றால் அந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேராது.

ஒரு பேரம் பேசும் சூட்சுமம்: ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். அந்த மாதங்களில் காலியாக நிற்கும் வீட்டுக்கு ஓனர் இறங்கி வருவார். ஆடியில் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆவணியில் குடிபோகலாம்.

படி 3: வாடகை ஒப்பந்தம்

மற்ற எல்லாக் காகிதத்துக்கும் இதுதான் வேர், அதனால் இதில் சோம்பல் கூடாது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. "பெங்களூர்ல பத்து மாசம் குடுத்தீங்களே" என்று கேட்கும் ஓனரிடம் இதை மரியாதையாகச் சொல்லலாம்.

'நூறு ரூபாய் பத்திரத்தில் பதினோரு மாதம் எழுதினால் போதும்' என்பார்கள். வீட்டில் இருக்க அது போதும். ஆதார் முகவரி மாற்றப் போனால் பதிவாகாத ஒப்பந்தம் திரும்பி வரலாம். கதவு எண், பழைய எண் புதிய எண் இரண்டும், தெரு, வார்டு, பின்கோடு ஆகியவை மின் கட்டண அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். ஆதாரில் உங்கள் பெயருக்கு என்ன எழுத்தோ, ஒப்பந்தத்திலும் அதே எழுத்து. இனிஷியல் முன்னா பின்னா என்பதுகூட மாறக் கூடாது.

படி 4: பெங்களூரை விட்டுக் கிளம்பும் முன்

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

கேஸ்: சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பெங்களூர் ஏஜென்சியில் ஒப்படைத்து, இணைப்பை முடித்ததற்கான வவுச்சரை வாங்குங்கள். கட்டிய டெபாசிட் திரும்பி வரும். வேலூர் ஏஜென்சியில் அந்த வவுச்சரைக் காட்டி, இன்றைய டெபாசிட்டைக் கட்டினால் இணைப்பு தொடரும். பழைய டெபாசிட் சில நூறு ரூபாயாக இருந்திருக்கலாம், புதியது கூடுதலாக இருக்கும். நிரம்பிய சிலிண்டரை லாரியில் ஏற்றுவது ஆபத்து. அடுப்பு உங்களுடையது, எடுத்துவரலாம்.

ரேஷன்: கர்நாடக அட்டையிலிருந்து எல்லோர் பெயரையும் நீக்கி அதற்கான சான்று வாங்குங்கள். ஆதார் இணைந்திருப்பதால் இரண்டு மாநிலத்தில் பெயர் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். சொந்த ஊரில் தாத்தா பாட்டி அட்டையில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெங்களூர்த் தமிழர் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. அட்டையை ஒப்படைத்தால் கிருஹலட்சுமி (கர்நாடக அரசு குடும்பத் தலைவிக்கு மாதாமாதம் தரும் பணம்) உதவியும் நிற்கும், அதையும் படி 1-இன் கணக்கில் சேருங்கள்.

பள்ளி: டிசியில் (மாற்றுச் சான்றிதழ்) வட்டாரக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வாங்குங்கள். மாநிலம் மாறும்போது அதைக் கேட்பார்கள். பிள்ளையின் பென் எண்ணை (மாணவருக்கான நிரந்தர அடையாள எண்) குறித்துக்கொண்டு, பள்ளி விவரங்களைப் பதியும் அரசின் யூடைஸ் தளத்தில் 'பள்ளியை விட்டுச் சென்றார்' என்று பதியச் சொல்லுங்கள். பழைய பள்ளி விடுவிக்காத வரை புதுப் பள்ளியால் பிள்ளையின் பெயரைத் தங்கள் பட்டியலில் ஏற்ற முடியாது. எட்டாம் வகுப்பு வரை, டிசி தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை.

படி 5: எந்த வகுப்பில் மாற்றலாம்?

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழை ஒரு பாடமாக்கியது. வீட்டில் தமிழ் பேசினாலும், கன்னடம் எழுதிப் படித்த பிள்ளைக்குப் புள்ளி வைத்து எழுதும் மெய்யெழுத்தும் ற-ர, ந-ன வேறுபாடும் புதிது. மூன்றாம், நான்காம் வகுப்பில் மாறினால் ஒரு வருடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்பதில் மாறினால் மறு வருடமே பொதுத்தேர்வு நிற்கும். பன்னிரண்டாம் வகுப்புக்கு நடுவில் மாற்றவே வேண்டாம், முடித்துவிட்டு வாருங்கள்.

பொறியியல் கலந்தாய்வை நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவைப்படாது. மற்றவர்கள் பெற்றோரின் தமிழ்நாட்டு ஆவணங்களைக் காட்ட வேண்டும். அப்பாவின் பழைய சாதிச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் இரண்டையும் பெட்டியில் போட்டு லாரியில் ஏற்றாமல் கைப்பையில் வையுங்கள். கர்நாடகத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது.

படி 6: லாரி

இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமானுக்கு 14 அடி ஐச்சர் லாரி சரியாக இருக்கும். கட்டில், பீரோ குறைவு என்றால் அதைவிடச் சிறிய டாடா 407 போதும். அட்டைப்பெட்டி 40 முதல் 50 வரை வேண்டும். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி. 15 கிலோவைத் தாண்டினால் அடி பிய்ந்துகொள்ளும்.

மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வீட்டுக்கு வந்து சாமானைப் பார்க்காமல் போனில் சொல்லும் விலையை நம்ப வேண்டாம். சாமான் ஏறியபின் 'மாடி எக்ஸ்ட்ரா, ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா' என்று பாதி வழியில் பேசுவார்கள். மாடி ஏற்றம், டோல், இறக்குக் கூலி, வரி எல்லாம் சேர்த்த தொகையை எழுதி வாங்கி, பாதிக்கு மேல் முன்பணம் தராதீர்கள். காப்பீடு என்று பணம் வாங்கினால் உங்கள் பெயரில் பாலிசி எண் கேளுங்கள். எண் இல்லை என்றால் காப்பீடும் இல்லை. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. சாமான் பட்டியலில் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு டிரைவரிடம் கொடுங்கள்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்துக் காய வைத்து, நிமிர்த்தியே ஏற்றுங்கள். படுக்க வைத்திருந்தால் வந்தபின் ஒரு நாள் நிமிர்த்தி வைத்த பிறகே போட வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்ரஸர் போகும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு, வாங்கும்போது கழற்றி வைத்த டிரான்சிட் போல்ட்டைத் திரும்பப் பூட்டுங்கள். இரவில் ஏற்றி விடிகாலையில் வேலூரில் இறக்குவது நல்லது. வெயில் ஏறினால் இறக்குபவர்களின் வேகம் பாதியாகும்.

படி 7: வேலூரில் முதல் மாதம்

வரிசை முக்கியம்: முதலில் ஆதார், பிறகு கேஸ், பிறகு ரேஷன், கடைசியில் வாக்காளர் பட்டியல்.

ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் தன் ஆதார் முகவரியை மாற்றியதும், மற்றவர்கள் 'குடும்பத் தலைவர்' வழியில் மாற்றலாம். தலைவர் 30 நாளுக்குள் ஆன்லைனில் ஒப்புதல் தர வேண்டும், தவறினால் விண்ணப்பம் ரத்து. ரேஷனுக்குத் தமிழ்நாடு பொதுவிநியோகத் தளத்திலோ இ-சேவை மையத்திலோ பதியலாம். ஒரே கதவு எண்ணில் வேறு அட்டை இருந்தால் தனிச் சமையலறை இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. படிவம் 6 புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டும்.

படி 8: கேஏ (கர்நாடக) எண் வண்டி

வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதனால் இங்கேயே இருப்பது என்று உறுதியாகும் வரை வண்டியைத் தொட வேண்டாம், ஆனால் பத்தாம் மாதத்தைத் தாண்டவும் வேண்டாம். படிவம் 28-இல் பழைய ஆர்டிஓவிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்குங்கள். கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கியின் சம்மதக் கடிதம். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். பிறகு வேலூர் ஆர்டிஓவில் படிவம் 27 கொடுத்து, வண்டியின் வயதுக்கேற்ற வரி கட்டினால் டிஎன் 23 எண் கிடைக்கும். ராணிப்பேட்டை மாவட்டத்தில் குடியேறினால் டிஎன் 73.

புது ஆர்சி வந்ததும் இரண்டு வேலை. கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பழைய ஆர்டிஓவில் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்; தானாக வராது. அப்படியே இன்சூரன்ஸிலும் ஃபாஸ்டேகிலும் எண்ணை மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் பள்ளிகொண்டா டோலில் ஃபாஸ்டேக் எண்ணும் வண்டி எண்ணும் ஒத்துப்போகாமல் தகராறு வரும்.