மாரியில் தும்மலா? அலுமாரிக்குப் பின்னால் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் எங்கள் வீட்டில் தும்மலும் தொடங்கிவிடும். முற்றத்துச் செவ்வரத்தையைச் சந்தேகிக்க வேண்டாம். அதன் மகரந்தம் பாரமானது, பூச்சியும் குருவியும்தான் காவும். காற்றில் பறந்து மூக்கில் ஏறுவது புல்லினதும் பார்த்தீனியக் களையினதும் மகரந்தம்.

மாரியில் பெரிய தொல்லை பூஞ்சணம். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பின்பக்கம் பாருங்கள்: கறுப்புப் புள்ளிகள், ஒரு ஈர மணம். அறையின் ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் அது செழிக்கும். சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைப்பது நல்லது. காய்ந்த துணியால் தட்டாதீர்கள், பூஞ்சணத்தின் தூள் போன்ற வித்திகள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசம் போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். அப்புறம் வெயில் எறித்தவுடன் யன்னல்களைத் திறந்துவிடுங்கள். முட்டு இழுத்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள்.