அறுபதுக்குப் பிறகு எடை குறைப்பு: தசையை விடாமல் தொப்பையைக் குறைப்பது எப்படி?

அறுபதைத் தாண்டியவர்கள் எடை குறைக்க முடிவெடுத்தால் முதலில் கை வைப்பது இரவுச் சாப்பாட்டில்தான். ஒன்று அடியோடு நிறுத்துவார்கள், இல்லையென்றால் கஞ்சிக்கு மாறுவார்கள். முதல் மாதம் மூன்று கிலோ இறங்கும், மனசுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் சாப்பாட்டை மட்டும் குறைத்து இறக்கிய எடையில் ஏறத்தாழ கால்வாசி தசை. அந்தத் தசை இந்த வயதில் எளிதில் திரும்பி வராது. பழைய சாப்பாட்டுக்குப் போனதும் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. தராசில் அதே எண், உடம்பில் கூடுதல் தொப்பை, காலில் பலம் குறைவு. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் தேடுவது பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது.

எனவே இந்த வயதில் மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டாம். ஆறு மாதத்தில் மொத்த எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி மூன்றிலும் வித்தியாசம் தெரியும். 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோதான்.

தொடங்கும் முன் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கும். வியர்வை, கை நடுக்கம், குழப்பம் வரும். தூக்கத்தில் இறங்கினால் ஆபத்து. சஷ்டி, ஏகாதசி விரதத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எடை குறையக் குறைய பிரஷர் மாத்திரையின் பழைய அளவும் தேவைக்கு மேலாகிவிடலாம். படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றினால் அதுதான் காரணமா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கீழே சொல்லப்போகும் புரத அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்றக் கூடாது.

எதை அளப்பது?

எடையை வாரம் ஒருமுறை பாருங்கள்: காலையில், கழிவறை போய்வந்த பின், காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில். தினமும் பார்த்தால் தண்ணீரும் உப்பும் காட்டும் ஏற்ற இறக்கத்தில் மனம் சோரும்.

எடையைவிட இடுப்பளவு முக்கியம். வேட்டியோ பாவாடையோ கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் டேப்பைச் சுற்றுங்கள். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. வரம்பு.

அடுத்து கெண்டைக்கால். நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் பதிந்திருக்க, மிகத் தடித்த இடத்தை அளங்கள். ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசை தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர் தொப்பை இருந்தாலும் சாப்பாட்டைக் குறைப்பதில் தொடங்கக் கூடாது. புரதமும் பயிற்சியும்தான் முதலில். காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவை நம்ப வேண்டாம்.

நம் தட்டில் எங்கே இடிக்கிறது?

இந்த வயதில் ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ எடையுள்ள பெண்மணிக்கு 65 கிராமாவது தேவை. அவர் வழக்கமாகச் சாப்பிடுவதைக் கணக்குப் போடுங்கள். காலையில் மூன்று இட்லி, சட்னி, கொஞ்சம் சாம்பார்: 8 கிராம். மதியம் சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர்: 15. இரவு இரண்டு தோசை: 6. இரண்டு காபியில் உள்ள பால்: 6. மொத்தம் 35! இதையே பாதியாக்கி ‘டயட்’ என்று சொன்னால் தசை கரையாமல் என்ன செய்யும்?

மூன்று வேளையிலும் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் வருகிற மாதிரி தட்டை மாற்றுங்கள். ஒரு வேளையில் மொத்தமாகச் சாப்பிடுவதைவிட, பிரித்துச் சாப்பிடுவது நல்லது. சைவ மதியச் சாப்பாடு ஒன்றைப் பார்ப்போம். சோறு ஒரு கப், அதாவது 150 கிராம்: 4 கிராம் புரதம். ஒருவருக்கு 30 கிராம் பாசிப்பருப்பு வீதம் போட்டு வைத்த கீரைக் கூட்டு: 7. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராம்: 8. கெட்டித் தயிர் 150 கிராம்: 5. ஆக 24. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கடலைக்குப் பதில் 100 கிராம் மத்தியோ சங்கராவோ குழம்பில் போதும். அதிலேயே 20 வந்துவிடும். பொரிக்க வேண்டாம்.

காலையில் இட்லியை இரண்டாகக் குறைத்து, இரண்டு முட்டையும் கெட்டிச் சாம்பாரும் சேருங்கள். முட்டை ஆகாதவர்கள் அரிசியும் பருப்பும் சம அளவில் அரைத்த அடை இரண்டு, கூடவே ஒரு டம்ளர் பால். இரவில் மீல் மேக்கர் 25 கிராம் அல்லது பன்னீர் 60 கிராம் போட்ட காய்க் குழம்பு, ஒரு தோசை. ஏழரைக்குள் முடித்துவிட்டால் நெஞ்சு கரிக்காது.

பயறு சாப்பிட்டால் வாயு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்துக் குழைய வேகவையுங்கள். முதல் வாரம் பாசிப்பயறு கால் கப்பில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். பல்செட் சரியில்லாததால் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முதல் சிகிச்சை பல் மருத்துவரிடம்தான்.

குறைக்க வேண்டியது எது?

இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நாளுக்கு மூன்று காபி: சர்க்கரை மட்டும் 120 கலோரி. மாலையில் ஒரு கைப்பிடி மிக்சர்: 160. மதியச் சோற்றில் 100 கிராம்: 130. இந்த மூன்றை நிறுத்தினாலே நாளுக்கு 400 கலோரி மிச்சம். அதற்கு மேல் வெட்டத் தேவையில்லை. எண்ணெயை ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று தனிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள், கணக்கு தானாகத் தெரியும். வீட்டுப் பெண்களுக்கு இன்னொன்று: வீணாகக் கூடாதே என்று பாத்திரத்தில் மிஞ்சியதைச் சாப்பிடுவது. அதை ஃபிரிட்ஜில் வையுங்கள். உங்கள் வயிறு அதற்கான இடமல்ல.

இரவில் சோற்றுக்குப் பதில் மூன்று சப்பாத்தியும் தேங்காய் குருமாவும் சாப்பிட்டுவிட்டு எடை ஏன் இறங்கவில்லை என்று கேட்பவர்கள் ஏராளம். கோதுமைக்கும் அரிசிக்கும் கலோரியில் பெரிய வித்தியாசமில்லை. வரகு, சாமை, தினையும் அப்படித்தான். அவற்றில் நார்ச்சத்து சற்றுக் கூடுதல், ஆனால் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதை நம்பிக் கொள்ளுத் தண்ணீரை மட்டும் குடித்துப் பயனில்லை. பயறையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது.

வாக்கிங் மட்டும் போதாது

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், 65 வயது நிரம்பிய 107 பேரை ஓராண்டு கவனித்து 2011இல் முடிவு வெளியிட்டார்கள். உணவைக் குறைத்தவர்களும், உணவோடு பயிற்சியும் செய்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு எடைதான் குறைந்தார்கள். ஆனால் முதல் குழுவில் இடுப்பெலும்பு அடர்த்தி 2.6 சதவீதம் போனது. பயிற்சியும் செய்தவர்களுக்கு 1.1 சதவீதம்தான். தசை இழப்பும் அவர்களுக்குக் குறைவு. விழுந்தால் இடுப்பு முறியும் வயதில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

நடையை வாரம் 150 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு வாரம் மூன்று நாள் நாற்காலிப் பயிற்சி. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம். முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். உட்காரும்போது நான்கு எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பலனில் பாதி போய்விடும். பத்து முறை, ஒரு நிமிட ஓய்வு, மீண்டும் பத்து. முழங்கால் வலிப்பவர்கள் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது பதினைந்து முறை. கைக்கு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும்.

மாதம் ஒருமுறை 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். 65 முதல் 69 வயது வரை ஆணுக்கு 12க்கும், பெண்ணுக்கு 11க்கும் கீழே இருந்தால் காலில் பலம் போதாது. எடை இறங்கி இந்த எண்ணும் இறங்கினால் சாப்பாட்டைக் கூட்டுங்கள், முதலில் புரதத்தை. எடை அப்படியே நின்று, இடுப்பளவு குறைந்து, இந்த எண் ஏறினால் எதையும் மாற்ற வேண்டாம்.

எந்த முயற்சியும் செய்யாமலே ஆறு மாதத்தில் 5 சதவீதம் எடை குறைந்தால் அதை டயட்டின் வெற்றியாக எண்ணிக்கொள்ளாதீர்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு எதுவும் காரணமாக இருக்கலாம். குறித்துவைத்த எடைச் சீட்டோடு அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.