கோப்பையில் பாதி மரக்கறி, தேத்தண்ணிக்குக் கொஞ்சம் பொறுங்கோ

வன்னியில் மத்தியானச் சாப்பாடு என்றால் சோறு மலைபோல, கறி ஓரத்தில். அதைத் திருப்பிப் போடுங்கோ. கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், கால்வாசி குத்தரிசிச் சோறு, மிச்சக் கால்வாசி மீன், முட்டை, பருப்பு அல்லது கௌபி. இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ பிடிக்கிற குளத்து மீனே போதும், கடல்மீன்தான் வேண்டும் என்றில்லை. மரவள்ளியும் உருளைக்கிழங்கும் மரக்கறிக் கணக்கில் வராது. அவை சோற்றுப் பங்கு.

முருங்கையிலையை நெட்டோடு கழுவி உதறிவிட்டு உருவுங்கோ. அரிந்த பிறகு கழுவினால் சத்து தண்ணியோடு போய்விடும். வெங்காயம், பச்சை மிளகாய் வதங்கியதும் இலையைப் போட்டு 4, 5 நிமிடம் கிளறி, ஒரு பிடி தேங்காய்ப்பூ சேர்த்து இறக்குங்கோ. தேங்காய்க் கொழுப்பு இருந்தால்தான் இலையிலுள்ள விட்டமின் ஏ சத்து உடம்பில் நன்றாகச் சேரும். தேசிக்காய்ப் புளியை அடுப்பில் விடவேண்டாம், சூட்டில் விட்டமின் சி அழியும். சாப்பிடும்போது பாதித் தேசிக்காய் பிழியுங்கோ. இரும்புச்சத்து உறிஞ்சப்பட அது உதவும்.

சாப்பிட்டுக் கை கழுவின கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்த இரும்புச்சத்தில் பெரும்பகுதி வீண். சாயத்திலுள்ள பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கோ, சீனியையும் குறைத்து.

கருவாட்டைச் சுடுதண்ணியில் 20 நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணியை வெளியே ஊற்றிவிட்டுச் சமையுங்கோ. குழம்புக்கு வேறு உப்பு வேண்டாம்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், ஒரு தேக்கரண்டி மட்டம்தான்.